இடுப்பின் வலப்பக்கம்

பெட்டியைப் பூட்டிய பிறகும் ஒடெல் அதன் முன்னால் குந்தியபடியே இருந்தான். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. வாரம் ஒரு முறை அவன் போகும் குழுவில் எல்லோருக்கும் அதை நடத்தும் மிஸ் வி ஒன்று கொடுத்திருந்தார். மூன்று வருடமாக அவன் இடுப்பின் வலப்பக்கத்தில் இருந்த துப்பாக்கி இப்போது அதற்குள் இருந்தது. சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. சாவி அங்கே இருக்கும்வரை பூட்டியதும் பூட்டாததும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். ஷூவை மாட்டிக்கொண்டான். மறுபடியும் வந்து குந்தினான். கடைசியில் எழுந்துபோய், அம்மா தூங்கும் அறையின் கதவைத் தள்ளினான். கதவு வழக்கம்போல முனகியது. உட்புறம் ஆணியில் தொங்கிய அவளுடைய கைப்பையின் வாரில் சாவியைக் கோர்த்துவிட்டான்.

"யார்றா அது?"

"நாந்தாம்மா. தூங்கு."

"வீடு பத்தி எரிஞ்சாக்கூட என்னை எழுப்பாத."

"சரிம்மா."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து படுத்திருக்கும் அம்மா டெனீஸை எழுப்புகிற துணிச்சல் அந்தத் தெருவில் ஒருவருக்கும் கிடையாது. இனி அந்தச் சாவி வேண்டுமென்றால் கதவு முனகும், அம்மா விழிப்பாள், எதற்கு என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரம் போதும் என்று மிஸ் வி சொல்லியிருந்தார். ஆத்திரம் என்பது தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட நிற்காதாம்.

வெளியே பிப்ரவரிப் பனி நடைபாதையின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. படியிறங்கி நடக்கத் தொடங்கியதுமே ஒடெலுக்கு விசித்திரமாக இருந்தது. நடை சரியாக வரவில்லை. வலது காலை லேசாக விறைத்துத் தூக்கி வைப்பது அவனுடைய நடை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். இப்போது அந்தக் கால் தன் பாட்டுக்கு மடங்கி நீண்டது. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல அவன் கை இடுப்புக்குப் போனது. ஒன்றுமில்லை. முனையிலிருந்த மளிகைக்கடையைத் தாண்டுவதற்குள் மறுபடியும் போனது. கையைப் பையில் திணித்துக்கொண்டான். எதிரே ரயில் பாலம் தெரிந்தது. இரும்புத் தூண்கள் மேல் ரயில் போகும் பாலம். அதற்கு இந்தப் பக்கம் அவனுடைய ஆட்கள். அந்தப் பக்கம் கதீமின் ஆட்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பூங்கா, அதில் குளிரிலும் செடி வளர்க்கும் கண்ணாடி வீடு, இன்று அங்கே அவன் மகள் ஸரையாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரம் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டு கோடைக்கு முன் பெட்ரோல் பங்கில் அவன் சித்தி மகன் டெரோனைச் சுட்டார்கள். சுட்டவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கே கதீம் நின்றிருந்தான் என்று மட்டும் ஊர் சொன்னது. கதீம் மூன்றாம் வகுப்பில் ஒடெலின் பக்கத்தில் உட்கார்ந்தவன். உடைந்த பென்சில் முனையைக் கடித்தே கூராக்குகிறவன். அதற்குப் பிறகு ஒரு முறை தெருவில் இருவரும் தூரத்தில் பார்த்துக்கொண்டபோது இரண்டு பேரும் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் அதுதான் பேச்சு. வாய் திறக்க வேண்டியதில்லை. சட்டை நுனி உயர்ந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு லீவு கிடையாது," என்று இமானி போன வாரம் சொன்னாள். ஸரையாவின் அம்மா. இருவரும் இப்போது ஒரே வீட்டில் இல்லை. "பெரியவங்க யாராவது அங்க வந்து நின்னாத்தான் புள்ளைய உள்ள விடுவாங்க. நீ வரணும். நீ மட்டும் வரணும். அது வரக்கூடாது."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இமானி."

"தெரியும். நீ அதோட வந்து நின்னேன்னு தெரிஞ்சா, இதுக்கப்புறம் அவளப் பாக்கணும்னு என் வாசல்ல வந்து நிக்காத. நான் சண்டைக்குச் சொல்லல, ஒடெல்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஏற்கெனவே ஒரு தடவை போலீஸ் சோதனையில் மாட்டியிருந்தான். சிறைக்குப் பதிலாக நீதிபதி காட்டிய வழிதான் சலவைக்கடைக்கு மேலே குழு கூடும் அறையும், மடக்கு நாற்காலிகளும், மிஸ் வியும். வெலாஸ்கெஸ் என்ற முழுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. முப்பதைத் தாண்டியிருக்காத, சத்தமாகச் சிரிக்கிற பெண். பின்கதவைக் கயிற்றால் கட்டிய கார் ஒன்றை ஓட்டி வருவார். "மிஸ், அந்தக் காரை எவனும் திருட மாட்டான், எதுக்குப் பூட்டுறீங்க?" என்று பையன்கள் கேட்காத வாரமில்லை. துப்பாக்கியை விட்டுவிடுங்கள் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் அப்படிச் சொல்வதற்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் எழுந்துபோயிருப்பார்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நீ பார்த்தது என்ன, நீயாகச் சேர்த்தது என்ன?

ஸ்பூன் என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையன் ஒரு நாள் ஆரம்பித்தான்.

"முந்தாநாள் கோழிக் கடையில ஒருத்தன் என்னையே முறைச்சான் மிஸ். வச்ச கண் வாங்கல."

"பாத்தான். சரி, அது நீ பாத்தது. முறைச்சாங்கறது?"

"முறைச்சான்னா முறைச்சாந்தான். நீங்க எங்க ஏரியாவுல பொறந்திருந்தாத் தெரியும்."

"எங்க ஏரியாவுலயும் முறைப்பாங்கடா. அப்புறம்?"

ஸ்பூன் நாற்காலியில் நெளிந்தான். "அப்புறம் அந்தாளு, 'தம்பி, உன் தலைக்கு மேல போர்டுல ஈரல் வறுவல் இருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு, கண்ணாடிய மறந்துட்டேன்'னு கேட்டான்."

அறை அதிர்ந்தது. ஒருவன் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டான்.

"படிச்சுச் சொன்னியாடா?"

"சொன்னேன். சாஸ் அதிகமா ஊத்தச் சொல்லுங்கன்னும் சொன்னேன்." ஸ்பூனும் சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு மட்டும் நின்றது. "ஆனா கை போயிடுச்சு மிஸ். அந்தாளு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே என் கை இங்க போயிடுச்சு."

கீழே சலவை இயந்திரங்கள் சுற்றும் சத்தம் தரை வழியாகக் கேட்டது. ஒடெல் தன் கையைப் பார்த்தான். மற்றவர்களும் அவரவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரல் சாப்பிட ஆசைப்பட்ட ஒரு மனிதர், தன் உயிர் எவ்வளவு மெல்லிய இடத்தின் வழியாக நடந்து வெளியே போனது என்று தெரியாமல், பொட்டலத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த மெல்லிய இடத்தை ஒடெல் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே அவனுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பார்ப்பதற்கும் கை போவதற்கும் நடுவில், மயிரிழை அகலத்தில், யாரும் இதுவரை கால் வைக்காத ஒரு வெற்றிடம்.

கண்ணாடி வீட்டில் கதீம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தார்கள். ஸ்பூன் கதீமாக நடித்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, "டேய் ஒடெல், உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் குமட்டுதுடா," என்றான்.

"அவன் இவ்ளோ பேச மாட்டான்டா. நாடகத்துல நடிக்கிற மாதிரி பண்ற."

"அப்ப எப்படிப் பேசுவான்?"

"பேசவே மாட்டான். நிப்பான்."

ஸ்பூன் நின்றான். அது நன்றாகவே இருந்தது. ஒடெல் சொல்ல வேண்டியதைச் சொன்னான், நகர வேண்டியபடி நகர்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒத்திகையில் எல்லாமே இருந்தது. கையை மட்டும் எவரும் நினைக்கவில்லை. துப்பாக்கி இல்லாவிட்டால் கை போகாது என்று எல்லோருமே எண்ணிவிட்டார்கள், மிஸ் வி உட்பட.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பூங்கா வாசலில் பள்ளி பஸ் வந்து நின்றபோது ஸரையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். மஞ்சள் குல்லாய், ஒரு கையுறை. இன்னொன்று எங்கே போனதென்று கேட்டுப் பயனில்லை. வந்த வேகத்தில் அவன் மேல் மோதினாள். அவள் நெற்றி நேராக அவன் வலது இடுப்பில் முட்டியது. ஒடெல் பதறிப் பின்வாங்கினான். பிறகுதான் பதற ஒன்றுமில்லை என்று உறைத்தது.

"தூக்கு."

அவன் வழக்கம்போல இடது பக்கமாகத் திரும்பிக் கை நீட்டினான். மூன்று வருடமாக அவளை இடது பக்கத்தில்தான் தூக்கியிருக்கிறான். கட்டிப்பிடிக்கும்போதும் உடம்பைச் சாய்த்து, ஓரமாகத்தான். இன்று நின்று, திரும்பி, அவளை வலது இடுப்பில் ஏற்றி உட்கார வைத்தான். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தப் பக்கமாவா?"

"ஏன், நல்லா இல்லையா?"

அவள் யோசித்தாள். கன்னத்தை அவன் தோளில் வைத்துப் பார்த்தாள். "இந்தப் பக்கம் வேற அப்பா மாதிரி இருக்கு," என்றாள்.

கண்ணாடி வீட்டின் இரட்டைக் கதவைத் தாண்டியதும் ஈரமும் வெப்பமும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. மிஸஸ் ப்ரூயிட் என்ற ஆசிரியையின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சத்தம் போட்டார். "ஜெர்கினெல்லாம் கழட்டி இந்தப் பெஞ்சுல போடுங்க. உள்ள வெந்துபோயிருவீங்க. பெரியவங்க கவனிங்க, ஒவ்வொரு கையிலயும் ஒரு புள்ள. காலிக் கை இருக்கக் கூடாது."

ஒடெலின் விரல் ஜெர்கினின் ஜிப்பில் நின்றது. உள்ளே ஆள் கூடும் இடங்களில், எவ்வளவு சூடானாலும், அவனைப் போன்றவர்கள் ஜெர்கினைக் கழற்றுவதில்லை. கழற்றாதவனைப் பார்த்தே அவன் யாரென்று தெரிந்துகொள்வார்கள். கல்யாணத்தில், தேவாலயத்தில், டெரோனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், வியர்வை வழிய அவன் அப்படித்தான் நின்றிருந்தான். இப்போது ஜிப்பை இழுத்தான். ஜெர்கின் தோளிலிருந்து நழுவியது. அரைக்கைச் சட்டையோடு, வெறும் கைகளோடு, ஊரறிய நின்றான். ஈரக் காற்று முழங்கை மடிப்புக்குள் புகுந்தது. யாரோ அவனை வேறு உடம்புக்குள் மாற்றி வைத்ததுபோல இருந்தது.

தலைக்கு மேலே கண்ணாடிக் கூரையில் பனி படிந்திருந்தது. அதற்குக் கீழே வாழை இலைகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. இன்னும் உள்ளே இறங்கினால் ஒரு பள்ளம், பாறைகளுக்கிடையே ஓடும் தண்ணீர், ஆளுயரப் பெரணிகள். மனிதன் வருவதற்கு முன்பே, பூ என்ற ஒன்று வருவதற்கும் முன்பே இருந்த செடிகள் இவை என்று மிஸஸ் ப்ரூயிட் சொன்னார். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். ஒடெலும். இந்தக் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பிறந்து வளர்ந்திருக்கிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு காடு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது, எல்லாக் குளிர்காலத்திலும், டெரோன் இருந்தபோதும், போன பிறகும்.

அப்போதுதான் பெரணிகளுக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

சிவப்பு ஜெர்கின். கழுத்துவரை ஜிப் போட்டது. அதற்கு மேலே வியர்வையில் நனைந்த கதீமின் முகம். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் நின்றிருந்தான்.

கதீம் அவனை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்.

ஒடெலின் கை இடுப்புக்குப் போனது. அவன் அனுப்பவில்லை. அதுவாகவே போய், இல்லாத பிடியின் மேல் விரல்களை மடக்கி நின்றது. கதீமின் கண்கள் அந்தக் கையோடு சேர்ந்து இறங்கின. மறுகணம் கதீமின் கை ஜெர்கின் பைக்குள் போனது. அந்தக் கை வெறுமையாக இல்லை என்று ஒடெலுக்குத் தெரியும். இந்தச் சூட்டில் ஜெர்கினைக் கழற்றாதவனை அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்?

கையை எடுத்தால் உருவுகிறான் என்று நினைப்பான். எடுக்காவிட்டால் உருவப் போகிறான் என்று நினைப்பான். வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்த துப்பாக்கி இங்கே, இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், அவனைக் கொல்லப் பார்த்தது. இடது கையில் ஸரையாவின் விரல்கள் இருந்தன, கையுறை இல்லாத கை. அவள் தண்ணீரில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, அந்த மயிரிழை அகலத்துக்குள், ஒடெல் கால் வைத்தான். அது எவ்வளவு விசாலமாக இருந்தது என்பதைப் பின்னாளிலும் அவனால் யாருக்கும் சொல்ல முடியப்போவதில்லை. ஒரு பெரணியின் நுனியில் துளி ஒன்று திரண்டு கனத்து, விழாமல் தொங்கியது. அதைப் பார்க்க அவனுக்கு நேரமிருந்தது. பார்த்தது என்ன? ஜெர்கின். வியர்வை. அவன் கையில் ஒரு பையன். கதீமின் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. என்னைத் தேடி வந்தான் என்பதும், டெரோனும், எல்லாம். அவன் கண்ணுக்கு நான் யார்? இடுப்பில் கை வைத்தவன். அவ்வளவுதான் அவன் பார்த்தது.

இரண்டே விரல்களால் சட்டை நுனியைப் பிடித்தான். மற்ற விரல்களை அகல விரித்துக்கொண்டான். அந்த வட்டாரத்தில் இதைவிட ஆபத்தான அசைவு கிடையாது. கதீமின் தோள்கள் இறுகின. ஒடெல் சட்டையை மெதுவாக மேலே தூக்கினான். இன்னும் மேலே, விலா எலும்பு தெரியும்வரை. வெறும் வயிறு. வலது இடுப்பெலும்பின் மேல், இரும்பு உரசி உரசிக் கறுத்துத் தடித்த தோல் மட்டும் இருந்தது. சட்டையைத் தூக்கியபடியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி முதுகையும் காட்டினான். கதீமுக்கு முதுகு காட்டி நின்ற அந்தப் பாதிச் சுற்றில் வாழையும் பனியும் கண்ணாடியும் எல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தன, இனிமேல் பார்க்கவே போவதில்லை என்பதுபோல.

"அய்யா," என்றார் மிஸஸ் ப்ரூயிட் தூரத்திலிருந்து. "சூடுதான், ஒத்துக்கறேன். அதுக்காகச் சட்டையக் கழட்டிராதீங்க. புள்ளைங்க இருக்காங்க."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். துளி விழுந்தது.

ஒடெல் சட்டையை இறக்கினான். பெரணிகளுக்கு நடுவிலிருந்த ஒற்றையடிப் பாதையில் கதீம் வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான். கை இன்னும் பைக்குள்தான் இருந்தது.

"எங்க அது?"

"வீட்ல."

"பொய் சொல்ற."

"இப்பத்தான பாத்த?"

கதீம் பார்த்ததை நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. "இங்க எதுக்கு வந்த?"

"எம் பொண்ணு. நீ?"

"அக்கா பையன். அவளுக்கு வேல." பையன் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஸரையா அவனுக்கு நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒரே வகுப்பு போலிருக்கிறது.

வியர்வை கதீமின் தாடையிலிருந்து சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குக் கையில்லை. ஒன்றைப் பையன் பிடித்திருந்தான். மற்றதை அவனே பைக்குள் பிடித்து வைத்திருந்தான்.

"அதக் கழட்டேன்," என்றான் ஒடெல். "வேகுதுல்ல உனக்கு."

"முடியாது."

முறைத்துச் சொன்ன சொல் அல்ல அது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுபவன் குரல் அப்படித்தான் இருக்கும். மூன்று வருடமாக எல்லா இடத்திலும் தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல் வேறொருவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு ஒடெல் அசந்து நின்றான். கதீமுக்கும் அம்மா இருப்பாள், அவன் வீட்டிலும் ஏதோ ஒரு கதவு முனகும் என்று தோன்றியது. இவனும் யாரையும் வலது பக்கத்தில் தூக்கியிருக்க மாட்டான்.

"எனக்கும் முடியாதுன்னுதான் நெனச்சேன்," என்றான்.

கதீம் வெகுநேரம் அவனைப் பார்த்தான். மூன்றாம் வகுப்பில், கடித்த பென்சிலை ஒளித்துக்கொண்டு ஆசிரியையைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு குனிந்து பையனின் காதில், "இங்கயே நில்லு. எங்கயும் போகாத," என்றான். திரும்பினான். நுழைந்த கதவை நோக்கி வேகமாக நடந்தான். இரட்டைக் கதவு திறந்து மூடியபோது ஒரு கணம் குளிர் உள்ளே வந்து போனது.

எங்கே போகிறான்? கார் நிறுத்தும் இடத்துக்கா? ஆட்களைக் கூட்டி வரவா? ஸரையாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிடலாம். அதற்கு இன்னும் நேரமிருந்தது. ஒடெல் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்துவிட்டான். அப்போது அவன் வலது கைக்குள் சூடாக, பிசுபிசுப்பாக ஏதோ நுழைந்தது. பையனின் கை.

"டீச்சர் சொன்னாங்க," என்றான் அவன். "காலிக் கை இருக்கக் கூடாதாம்."

ஒடெல் ஓடவில்லை. இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றான். கண்ணாடியில் ஆவி அடர்ந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்குப் போக இப்போது அவனிடம் கை இல்லை. அது அவனுக்கு ஞாபகமும் வரவில்லை. பையன் தன் சட்டைக் கையால் கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்தான். மூன்று பேரும் அதன் வழியாகப் பார்த்தார்கள். பூங்கா முழுக்க வெள்ளை. கார்களின் வரிசை. பனியில் அவற்றை நோக்கிப் போன காலடிகள். வட்டம் மறுபடியும் மங்கிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளையில் எங்காவது சிவப்பு தெரிகிறதா என்று ஒடெல் தேடினான். சிவப்பு இல்லை. வெள்ளைக்குள் வெள்ளையாக, ஜெர்கின் இல்லாமல், தோளைக் குறுக்கி, வெறும் கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு யாரோ வருவதுபோலவும் இருந்தது. காற்று தூக்கி வந்த பனிபோலவும் இருந்தது.

"தொடைடா," என்றாள் ஸரையா. "தெரியல."

பையன் எட்டி, மறுபடியும் துடைத்தான்.